லாங்-டெர்ம் என்றால் பர்மனெண்டா?

1

போன வியாழக்கிழமை, ஷிப்ட் முடிந்து உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து காலணியின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மேற்பார்வையாளர் அம்மா உள்ளே எட்டிப் பார்த்து ஒரு வெள்ளை உறையை நீட்டினார். "நல்ல சேதிதான், வீட்டில் போய் நிதானமாகப் படி" என்றார். எனக்கு வீடுவரை பொறுமை இல்லை. காரில் ஏறி ஹீட்டரைப் போட்டுவிட்டு, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பனி கரைந்து வழிவதற்குள் இரண்டு தடவை படித்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நான் நிரந்தர, முழுநேர ஊழியன்.

இந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. டொராண்டோவிலிருந்து வடக்கே நான்கு மணி நேரம் காரோட்டி வந்தால் வரும் சுரங்க ஊர் இது. நிலத்தடியில் நிக்கல் எடுக்கிறார்கள். நெய்வேலியில் பிறந்தவனுக்கு இன்னொரு சுரங்க ஊர்தான் வாய்த்தது.

கடிதத்தை மடித்ததும் முதலில் நினைவுக்கு வந்தவர் அப்பா. கை தானாகப் போனை எடுத்தது. அங்கே அப்போது நடுச்சாமம் என்பது பிறகுதான் உறைத்தது. ஆனால் போனைத் திரும்ப வைத்ததற்கு அது மட்டும் காரணமில்லை. இந்தச் செய்தியை நான் அப்பாவிடம் சொல்லவே முடியாது. அவரைப் பொறுத்தவரை நான் ஒன்பது வருடமாகவே பர்மனெண்ட்.

எல்லாம் ஓர் ஆங்கிலச் சொல்லால் வந்தது. சொல்லால் வந்தது என்பதும் பாதிப் பொய்தான்.

2

நெய்வேலிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் மனிதர்கள் இரண்டு வகை. பர்மனெண்ட், காண்ட்ராக்ட். சாதி, மதம், சொந்த மாவட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான். பெண் பார்க்க வந்தாலும், வாடகைக்கு வீடு கேட்டாலும், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேச்சுக் கொடுத்தாலும் இரண்டாவது கேள்வி அதுவாக இருக்கும். பர்மனெண்ட் என்றால் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் மாமரம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி. காண்ட்ராக்ட் என்றால் டவுன்ஷிப்புக்கு வெளியே, மழையில் செம்மண் ஒழுகிவரும் தெருவில் ஓட்டு வீடு. எங்கள் வீடு அந்தத் தெருவில்தான்.

அப்பா பெயர் தணிகாசலம். சுரங்கத்தில் நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை மண்வெட்டியால் வாரித் திரும்ப மேலே போடுவது அவர் வேலை. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் கரியும் சிந்திக்கொண்டே இருக்கும். இருபத்தாறு வருடம் வாரினார். காண்ட்ராக்டர்கள் மாறினார்கள், ஆட்கள் மாறவில்லை. 'இந்தத் தடவ பர்மனெண்ட் லிஸ்ட்ல பேரு வந்துடும்' என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். எங்கள் அக்கா அமுதாவை நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவருக்குப் பேசியபோது, மாப்பிள்ளை பர்மனெண்ட் என்று உறுதியான பிறகுதான் அப்பா தாம்பூலத் தட்டையே கையில் எடுத்தார். அப்பாவைப் பார்த்து யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடக் கூடாதே என்று அன்று முழுக்க அம்மா வந்தவர்களுக்குப் பலகாரத்தை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். கொஞ்ச காலம் காண்ட்ராக்டில் பம்ப் ரிப்பேர் பார்த்தேன். பிறகு ஒரு படிப்பைப் பிடித்துக் கனடா வந்தேன். அந்தப் படிப்புக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கிடங்கில் பெட்டி தூக்கினேன். ஆறு மாதப் பயிற்சி முடித்தால் முதியோர் பராமரிப்பில் உடனே வேலை என்றார்கள். முடித்தேன், கிடைத்தது. 'கேசுவல்' என்ற பிரிவில். நிரந்தர ஆள் யாராவது வராத அன்று விடிகாலை ஐந்தரைக்குப் போன் வரும், போக வேண்டும். போன் வராவிட்டால் அன்று வேலை இல்லை.

வேலை கிடைத்த அன்று அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, லாங்-டெர்ம் கேர்ல வேல கெடைச்சிருக்கு."

"லாங்-டெர்ம்னா? பர்மனெண்டா?"

லாங்-டெர்ம் கேர் என்பது அந்த இடத்தின் பெயர், நீண்ட காலம் பராமரிப்பு தேவைப்படுகிற முதியவர்கள் தங்கும் இல்லம், நீளம் அவர்களுக்குத்தான் எனக்கல்ல என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் குரலில் இருந்த ஆசை என்னைச் சொல்லவிடவில்லை.

"அப்பிடித்தாம்ப்பா" என்றேன்.

"என்னா வேல?"

"ஆஸ்பத்திரி மாதிரி ஒரு எடம். மெஷினுங்கள பாத்துக்கற வேல."

முதல் பொய்க்குத் துணையாக இரண்டாவதும் வந்துவிட்டது. கிழவர்களைக் குளிப்பாட்டுகிறேன், டயாப்பர் மாற்றுகிறேன் என்று, டிப்ளமோ படிக்கவைத்த மனிதரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அப்பா அந்தச் சொல்லைச் சரிபார்க்க சபாபதி சாரிடம் போயிருக்கிறார். சார், டவுன்ஷிப் அலுவலகத்தில் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் தெருமுனையில் வீடு கட்டி வந்தவர். தெருவின் ஆங்கிலம் அவர் பொறுப்பு. "லாங்-டெர்ம்னா நீண்ட காலம், தணிகாசலம். நீண்ட காலம்னா என்ன, பர்மனெண்ட் மாதிரிதான்" என்று சொல்லியிருக்கிறார். அன்று சாயந்திரம் அப்பா பண்ருட்டியிலிருந்து இரண்டு பலாப்பழம் வாங்கிவந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தானே அரிந்து, தெரு முழுக்கச் சுளை கொடுத்தாராம். இதை அம்மா எனக்குச் சொன்னபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்.

3

அதற்குப் பிறகு அந்தச் சொல் என்னைத் துரத்த ஆரம்பித்தது. எங்கே பார்த்தாலும் லாங்-டெர்ம்.

விமான நிலையத்தில் 'லாங்-டெர்ம் பார்க்கிங்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே இரண்டு நாள் வண்டியை விட்டாலே நீண்ட காலம். வானிலைச் செயலியில் 'லாங்-டெர்ம்' என்று ஒரு பகுதி. தொட்டால் பதினான்கு நாள் கணிப்பு வரும். கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்கிறவர்களின் உறவுக்கும் லாங்-டெர்ம்தான். எத்தனை வருடத்திலிருந்து அது நீளம் என்று உடன் வேலை செய்பவளிடம் கேட்டேன். "சண்டை போட்ட பிறகும் ஒரே வீட்டில் இருந்தால்" என்றாள்.

என் மகள் யாழினி இப்போது எட்டாம் வகுப்பு. அவளுடைய கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போனபோது பதிலுக்கு ஒருவர் வந்தார். அவருடைய பதவியின் பெயர் 'லாங்-டெர்ம் அகேஷனல் டீச்சர்'. பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடக்க முடியாமல் சிரித்தேன். நீண்ட காலத்துக்கு அவ்வப்போது வருபவர்! அப்பாவைத் தமிழில் விவரிக்க இத்தனை வருடம் எனக்குக் கிடைக்காத சொல்.

"வாட்ஸ் ஸோ ஃபன்னி, அப்பா?"

"லாங்-டெர்ம்னா பர்மனெண்ட் இல்லையாம்மா?"

"நோ! அது ஷார்ட் இல்ல, அவ்ளோதான்" என்றாள். பிறகு என் உச்சரிப்பையும் திருத்தினாள். டெர்ம் இல்லையாம், டேர்ம்மும் இல்லையாம், நாக்கை மேலே தொடாமல் சுருட்ட வேண்டுமாம். நான்கைந்து தடவை முயன்றேன். அவள் பொறுமையாகத்தான் இருந்தாள், பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் இருப்பதுபோல. தாத்தாவோடு வீடியோவில் பேசும்போது மட்டும் அவள் சின்னப் பிள்ளையாகிவிடுவாள். "நல்லா இருக்கேன் தாத்தா, சாப்டேன் தாத்தா" என்ற இரண்டு வாக்கியத்துக்குமேல் அவரிடம் பேச அவளுக்குத் தமிழ் வராது.

எங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை அட்டை வந்தபோது அதையும் அப்பாவுக்குக் கேமராவில் காட்டினேன். பர்மனெண்ட் என்ற சொல்லை அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"பர்மனெண்ட்னு போட்டுட்டு, கீழ எதுக்குப்பா முடிவுத் தேதி?"

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அட்டையை மட்டும் புதுப்பிக்க வேண்டும் என்று விளக்கினேன். "ஊருக்கு ஊரு பர்மனெண்ட்டு மாறுது போல" என்றார்.

இல்லத்தில் எங்கள் தளத்தில் வால்டர் என்று ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளி இருந்தார். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது நினைவிருக்காது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஷிப்ட் நேரம், சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் கூட இறங்கியவர்களின் பெயர் எல்லாம் வரிசையாக வரும். டாக்டர் அதற்கும் லாங்-டெர்ம் மெமரி என்றுதான் சொன்னார். தினமும் காலையில் நான் அவர் சட்டைப் பித்தானைப் போடும்போது, "நீ புது ஆளா?" என்று கேட்பார். ஆமாம் என்பேன். ஒரு விதத்தில் அது உண்மைதான். கேசுவல் ஆள் எப்போதும் புது ஆள்தான்.

4

ஆறு வருடத்துக்கு முன் அப்பாவையும் அம்மாவையும் இங்கே அழைத்து ஒரு கோடைகாலம் வைத்துக்கொள்ள நினைத்தோம். விசா விண்ணப்பத்துக்கு என் வேலைச் சான்று வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில் வாங்கி, ஊரில் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் நெட் சென்டருக்கு நேராக மின்னஞ்சலில் அனுப்பினேன். அப்பாவுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டும் அளவுக்குத்தான் தெரியும், பெட்டிக்குள் பெட்டியாக ஆங்கிலம் நிரம்பிய காகிதத்தில் அவர் என்ன பார்த்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அப்பாவே போன் செய்தார்.

"விசா இல்லன்னுட்டாங்கப்பா. எம்பேர்ல நெலம் நீச்சு எதுவும் இல்ல பாரு, திரும்பிப் போவ மாட்டேன்னு நெனச்சிகினான் போல."

"அந்த லெட்டர எனக்கு அனுப்பச் சொல்லுங்க."

"அத வுடு. என்னால வந்த தடங்கலு. ஒங்கம்மாவுக்கும் குளிரு ஒத்துக்காது."

மறுபடி முயலலாம் என்று சொல்லிக்கொண்டே ஒரு வருடம் போனது. அதற்குள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. எட்டு மாதம் கிடந்தாள்.

நான் பன்னிரண்டு நாள் போய் இருந்துவிட்டு வந்தேன். அதற்குமேல் இருந்தால் கூப்பிடும் பட்டியலில் என் பெயர் அடிக்குப் போய்விடும் என்ற பயம். திரும்பி வந்த பிறகு தினமும் வீடியோவில் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். இழுக்காதீர்கள், தோல் உரியும். அடியில் ஒரு துணியை நான்காக மடித்துப் போட்டு, துணியைப் பிடித்துத் திருப்புங்கள். முழங்காலுக்கு இடையில் தலையணை. குதிகால் படுக்கையில் படக் கூடாது. தண்ணீரை ஸ்பூனில் கொடுக்கும்போது தாடை கீழே பார்த்தபடி இருக்கட்டும். அப்பா போனை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைத்துவிட்டு நான் சொல்லச் சொல்லச் செய்வார். நானோ அந்த நேரத்துக்கு யார் யாருடைய தாயையோ புரட்டிவிட்டு வந்திருப்பேன்.

"இதெல்லாம் ஒனக்கு எப்பிடிடா தெரியும்?" என்று ஒருநாள் கேட்டார்.

"இங்க எல்லாருக்கும் ட்ரெய்னிங் குடுப்பாங்கப்பா, மெஷின் பாக்கறவங்களுக்கும்கூட" என்றேன்.

"ஓகோ" என்றார்.

அம்மா போனபோது மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கருமாதி அன்று பந்தலில் உறவுக்காரர் ஒருவர் கொஞ்சம் உரக்கவே சொன்னார். "பர்மனெண்ட் வேலன்றீங்க. பெத்த தாய்க்கு லீவு குடுக்க மாட்டானா அந்த ஊர்ல?"

அப்பா பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே பதில் சொன்னார்.

"பெரிய பொறுப்புல இருக்கான். அவன் இல்லன்னா அங்க மெஷினு நின்னுபூடும்."

நான் சாம்பார் வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தேன். என் பொய்யை இந்த மனிதர் எவ்வளவு நம்புகிறார் என்று நினைத்து அன்று நான் பட்ட வேதனை எனக்குத்தான் தெரியும்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. ஊரில் சாயங்காலம். மனைவியும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே இருந்த கடிதத்தை மேசைமேல் விரித்துவைத்துவிட்டு, இனியும் மறைப்பதில்லை என்று முடிவுசெய்து அப்பாவைக் கூப்பிட்டேன். சாப்பாடு, பனி, யாழினியின் பரீட்சை எல்லாம் பேசி முடித்தோம்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"எனக்கு வேல பர்மனெண்ட் ஆயிருக்குப்பா. போன வியாழக்கெழமதான் லெட்டர் குடுத்தாங்க."

எதிர்முனையில், தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இத்தினி வருசமா கேசுவலாவேவா வெச்சிகினு இருந்தானுங்க?" என்றார் அப்பா.

கேசுவல் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. என் வாழ்நாளில் அவரிடம் சொன்னதே இல்லை.

"உங்களுக்கு... எப்பிடிப்பா?"

"விசாவுக்கு ஒரு லெட்டர் அனுப்பினியே. நெட் சென்டர்ல அந்தப் பொண்ணு படிச்சிகினே வந்துச்சு. 'கேசுவல்னு போட்டிருக்குதுங்களே ஐயா'ன்னுச்சு. கேசுவல்னா லீவு தானம்மான்னேன். 'இல்லீங்க, கூப்புட்டா வேல, கூப்புடலன்னா இல்ல'ன்னுச்சு. எனக்கு அதுக்கு மேல என்னா வெளக்கம் வேணும்?"

"விசா அதனாலதான் கெடைக்கலயா?"

"அதையும் ஒண்ணா போட்டிருந்தான். எனக்கு நெலம் இல்லாததையும் போட்டிருந்தான். ரெண்டுல என்னோட கொற ஒண்ணே போதும்னுதான் ஒங்கிட்ட அத மட்டும் சொன்னேன்."

கருமாதிப் பந்தல் நினைவுக்கு வந்தது. நிமிராமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர் சொன்ன பதிலும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறார்.

"அப்பவே ஏம்ப்பா கேக்கல?"

"என்னாத்த கேக்கறது? இருவத்தாறு வருசம் அப்பிடி இருந்தவன் நானு. வேல பர்மனெண்ட் இல்லன்னு எந்த ஆம்பள வூட்டுல வந்து சொல்லுவான்? ஒங்கம்மாவ கட்டும்போது நானே அடுத்த மாசம் பர்மனெண்ட் ஆயிடுவேன்னு சொல்லித்தான் கட்டினேன்."

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

"வேல என்னன்னும் லெட்டர்ல இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சு. அந்தப் பொண்ணுக்குச் சரியா சொல்லத் தெரில. ஒங்கம்மா படுத்தப்ப நீ சொல்லிக் குடுத்த பாரு, அன்னிக்கே தெரிஞ்சிகினேன். மெஷினு பாக்கறவனுக்குத் தெரியற வேலயாடா அது?" குரல் தாழ்ந்தது. "எட்டு மாசம். ஒடம்புல ஒரு புண்ணு வரல அவளுக்கு. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த நர்சம்மா புரட்டிப் பாத்துட்டு, யாருங்க ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்ததுன்னு கேட்டுச்சு. எம்மவன்னேன். அந்த வேலயப் போயி மறைச்சியே, முருகா."

முருகவேல் என்ற என் பெயரை அவர் அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டு வெகு நாளாகியிருந்தது.

"தப்புதாம்ப்பா."

"சரி சரி. அந்த லெட்டர படி, கேக்கறேன்."

"இங்கிலீஷ்ல இருக்குதுப்பா."

"இங்கிலீசுலயே படி."

படித்தேன். தலைப்பிலிருந்து கையெழுத்துவரை, ஒரு வரி விடாமல். அப்பா நடுவில் ஒரு தடவை மட்டும், "பர்மனெண்ட்னு வந்த எடத்த இன்னொருக்கா படி" என்றார்.

6

செவ்வாய்க்கிழமை அமுதா அக்கா போன் செய்தாள். அப்பாவைப் பார்க்க நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்தாளாம். குரலில் பதற்றம்.

"என்னாடா நடக்குது? அப்பா டீக்கடையில நின்னுகினு என்னென்னமோ சொல்றாரு."

நடந்தது இது. அப்பா காலையில் டீக்கடைக்குப் போயிருக்கிறார். பெஞ்சில் சபாபதி சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். கூட நான்கைந்து பேர், சுரங்கத்தில் அப்பாவோடு வேலை செய்தவர்கள். அப்பா எல்லாருக்கும் டீ சொல்லியிருக்கிறார்.

"என்ன விசேஷம், தணிகாசலம்?" என்று சார் கேட்டாராம்.

"எம்மவன் பர்மனெண்ட் ஆயிட்டான் சார்."

"அவன்தான் ஒன்பது வருஷமா பர்மனெண்ட் ஆச்சே. நான்தானே உங்களுக்கு அர்த்தம் சொன்னேன்?"

"ஒங்க இங்கிலீசு சரிதாங்க சார். நாங்க ரெண்டு பேருந்தான் வெளிய மாத்தி சொல்லிகினு இருந்தோம். இத்தினி வருசம் அவனும் என்னாட்டம் காண்ட்ராக்டுதான். மெஷினு வேலயும் இல்ல. வயசானவங்கள குளிப்பாட்டி, தொடச்சி, சோறூட்டற வேல. இப்பத்தான் பர்மனெண்ட் பண்ணியிருக்கான்."

யாரோ ஒருவர் லேசாகச் சிரித்திருக்கிறார். அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்து, "எம்பொண்டாட்டிய எட்டு மாசம் நான் அந்த வேலதான் பாத்தேன். கன்வேயருக்கு அடியில வாரினதவிட அது கஷ்டம். ஒரு நாளு செஞ்சு பாத்துட்டு வந்து சிரி" என்றாராம். சபாபதி சார்தான் எழுந்து, என் நம்பரை வாங்கிக்கொண்டாராம், வாழ்த்துச் சொல்ல.

"நெசமாடா? எங்கிட்டகூடச் சொல்லலியே" என்றாள் அக்கா.

"நெசந்தான்க்கா."

"எப்ப வர்ற?"

அந்தக் கேள்விக்கு இதுவரை நான் தேதி சொல்லிப் பதில் சொன்னதில்லை. மறுநாள் ஷிப்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய், அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பத் தாள் ஒன்று கேட்டு வாங்கினேன். ஒன்பது வருடத்தில் அந்தத் தாளை நான் பார்த்ததுகூட இல்லை. கேசுவல் ஆளுக்கு அது தேவையும் இல்லை, கூப்பிடும்போது வரவில்லை என்று சொன்னால் போதும். தை மாதத்தில் நான்கு வாரம் கேட்டேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. எதை எழுதலாம் என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு, அப்பாவோடு இருப்பதற்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, தளத்துக்குப் போனேன்.